பெரிய மீன் தொட்டியில் சண்டையா? காயத்தைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், அரோவானா, ஜாகுவார் மாதிரிப் பெரிய மீன் வளர்ப்பவர்கள் பெங்களூரின் அல்சூரிலிருந்தும் கே.ஆர்.புரத்திலிருந்தும் போன் செய்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, இதுகூட வேற எந்த மீனை விடலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். இப்போது உள்ளே இருப்பவற்றில் எதற்கு, எந்த இடத்தில் காயம்? வாலிலா, விலாவிலா, உதட்டிலா? அல்லது காயமே இல்லாமல் மீன் காணாமல் போனதா? யார் கடித்தது, எதற்காகக் கடித்தது என்று காயம் இருக்கும் இடமே சொல்லிவிடும். அது தெரியாமல் புது மீன் வாங்கி விட்டால் அடுத்த காயம் அந்தப் புது மீனுக்குத்தான்.

உங்கள் தொட்டியில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போய்ப் படியுங்கள். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எல்லா மீனும் படபடவென்று இருக்கிறது, மேலே வந்து வாய் திறக்கிறது

ஒரு மீன் மட்டும் ஓடி ஒளிந்தால் சண்டையைச் சந்தேகிக்கலாம். எல்லாமே ஒரே நேரத்தில் எரிச்சலாக, செவுள் வேகமாக அடிக்க, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் கூடி நின்றால் தண்ணீர்தான் கோளாறு. மீன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியா செவுளை எரிக்கும். எரிச்சலில் இருக்கும் சிக்லிட் (ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், ஜாகுவார் எல்லாம் இந்தக் குடும்பம்) பக்கத்தில் எது வந்தாலும் கடிக்கும். டெஸ்ட் கிட்டில் பாருங்கள்: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள், இன்னொரு ஏர் பம்ப் போடுங்கள். அது இறங்கும் வரை கூட்டாளி மீன் பேச்சே வேண்டாம்.

பெங்களூரில் இதற்கு இரண்டு வழியாகச் சிக்கல் வரும். காவிரித் தண்ணீரில் குளோரின் உண்டு. ஆன்டி-குளோரின் போடாமல் ஊற்றினால் மீனின் செவுளும் கெடும், ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவும் சாகும். சில நாளில் அம்மோனியா ஏறும். போர்வெல் தண்ணீரில் குளோரின் கிடையாது. ஆனால் பல பகுதிகளில் அது கடினமான தண்ணீர், பிஎச்சும் கூடுதல். பிஎச் ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் விஷமாகும். அதனால் போர் தண்ணீர் மட்டுமே வரும் வீடுகளில் ஒரு மீன் குறைத்தே வைக்கச் சொல்வேன். ஒரு வாரம் காவிரி, மறு வாரம் டேங்கர் என்று மாற்றி மாற்றி ஊற்றுவது இரண்டையும்விடக் கெடுதல்.

இன்னொரு கணக்கும் போடுங்கள். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி சுமார் 450 லிட்டர் பிடிக்கும். வாரம் 30 சதவீதம் மாற்றினால் 135 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேனில் ஏழு. 6 அடித் தொட்டிக்கு வாரம் பத்து கேன். 2024 கோடையில் குளிக்கவே தண்ணீர் தேடி அலைந்த ஊர் இது. உங்கள் வீட்டில் ஏப்ரல் மாதம் எத்தனை கேன் தண்ணீர் மாற்ற முடியும் என்று பார்த்து அதற்குத் தக்க மீன் வாங்குங்கள். டிசம்பர் கணக்கில் வாங்கினால் கோடையில் அத்தனை மீனும் அவதிப்படும்.

கரண்ட் போய் பல மணி நேரம் கழித்து வந்தால், கேனிஸ்டர் ஃபில்டருக்குள் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மறுபடி ஓட விட வேண்டும். உள்ளே பிராணவாயு தீர்ந்து அழுகியது அப்படியே தொட்டிக்குள் வந்தால் மறுநாள் காலை எல்லா மீனும் மேலேதான் நிற்கும்.

காலையில் ஒரு மீனைக் காணோம்

முதலில் தொட்டிக்குப் பின்னால், ஸ்டாண்டுக்கு அடியில் தேடுங்கள். பாம்பு மாதிரி நீண்ட உடம்புள்ள பாலிப்டெரஸ் சின்ன இடைவெளி கிடைத்தாலும் ஏறி வெளியே வந்துவிடும். அது காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால் உடம்பு ஈரமாக இருந்தால் உயிரோடு கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. தரையில் எதுவும் இல்லையென்றால் மிச்ச மீன்களின் வயிற்றைப் பாருங்கள்.

இது கோபத்தில் நடப்பது இல்லை, பசி. வாய்க்குள் நுழைகிற எதையும் ஆஸ்கர் தின்னும். நல்ல குணமுள்ள ஆஸ்கரும் தின்னும். என் கணக்கு இது: வேட்டை மீனின் நீளத்தில் பாதிக்கும் குறைவாக, மெல்லிய உடம்போடு இருக்கும் எந்த மீனும் பத்திரமில்லை. சில்வர் டாலர் மாதிரித் தட்டையாக, உயரமாக இருப்பதை விழுங்குவது கடினம். அதே நீளமுள்ள உருளை உடம்பு மீன் எளிதாக உள்ளே போய்விடும்.

கடையில் பார்த்த அளவை நம்பித்தான் பலர் மோசம் போகிறார்கள். 5 சென்டிமீட்டர் ஆஸ்கர் குஞ்சும் 5 சென்டிமீட்டர் சில்வர் டாலரும் ஒரே தொட்டியில் அழகாக நீந்தும். நல்ல தண்ணீரும் தீனியும் கிடைத்தால் ஒரு வருடத்தில் ஆஸ்கர் 20 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். சில்வர் டாலர் முழுதாக வளர்ந்தாலே 15 தான். ஆகவே புதிதாகத் தொட்டி அமைக்கும்போது மெதுவாக வளரும் மீனை முன்னாடியே வாங்கி வளர்த்துவிட்டு, வேகமாக வளர்வதைச் சின்னதாக, கடைசியில் விடுங்கள்.

ரெட் டெயில் கேட்ஃபிஷ் உள்ளே இருந்தால் வேறு ஆளைச் சந்தேகிக்கவே வேண்டாம். விரல் நீளத்தில், சிவப்பு வாலோடு பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அது ஒரு மீட்டருக்கு மேல் வளரும் அமேசான் மீன். ராத்திரியில் தன் உடம்பில் பாதி நீளமுள்ள மீனையும் விழுங்கும். அதோடு சேரும் மீன் என்று எதையும் என்னால் சொல்ல முடியாது. அபார்ட்மென்ட்டுக்கு அந்த மீனே வேண்டாம்.

விலாவில் வட்டமாக உரிந்த தடம், செதில் மங்கி இருக்கிறது

கடித்த காயம் கிழிந்திருக்கும். இது தேய்த்த மாதிரி இருக்கும், பெரும்பாலும் உடம்பின் அகலமான பக்கத்தில். பகலில் யாரும் யாரையும் துரத்துவதும் இல்லை. அப்படியானால் சக்கர் மீன்தான். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்களே, அதேதான். குஞ்சாக இருக்கும்போது பாசி தின்னும். 40 சென்டிமீட்டர் வரை வளரும் அது, பசித்தால் ராத்திரியில் அசையாமல் நிற்கும் ஆஸ்கர், பேரட் (கிளி மூக்கு மாதிரி வாயுள்ள சிக்லிட்) மாதிரி மீன்களின் மேல் ஒட்டி உடம்பின் வழவழப்பைச் சுரண்டும். அந்த வழவழப்புதான் மீனுக்குக் கவசம். அது போனால் இரண்டு மூன்று நாளில் பஞ்சு மாதிரிப் பூஞ்சை பிடிக்கும்.

விளக்கை அணைத்த பிறகு அடியில் மூழ்கும் தீனியும், கல் கட்டிய வெள்ளரித் துண்டும் போடுங்கள். ஒளிய ஒரு மரக்கட்டை வையுங்கள். ஒரு வாரத்தில் புதுத் தடம் விழுவது நிற்காவிட்டால் சக்கரை வெளியேற்ற வேண்டியதுதான். ஒருமுறை ருசி கண்டது தானாக விடாது. காயத்துக்கு லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைத் தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பாலிப்டெரஸ், லோச், கெளுத்தி வகைகள் கூட இருந்தால் உப்பைத் தொட்டியில் போடாமல், காயம்பட்ட மீனைத் தனி டப்பில் வைத்துப் பாருங்கள்.

வால் கிழிந்து, ஒரு மீன் ஹீட்டருக்குப் பின்னால் மூலையிலேயே நிற்கிறது

வாலில் கடி என்றால் ஓடும்போது வாங்கிய கடி. அடிபட்டது எதிர்த்து நிற்கவில்லை, தோற்றுவிட்டது. நிறம் கருத்து, துடுப்பை ஒடுக்கி, தீனிக்கு வராமல் நிற்கும். இந்த மீனைக் காப்பாற்ற இரண்டு நாளுக்கு மேல் யோசிக்காதீர்கள்.

பலரும் அடிபட்டதை எடுத்துத் தனியாக வைத்து, ஆறியதும் திருப்பி விடுகிறார்கள். அதற்குள் அடித்த மீன் மொத்தத் தொட்டியையும் தன்னுடையது ஆக்கிக்கொண்டிருக்கும். திரும்பி வருவது அதற்குப் புது எதிரி. நீங்கள் வெளியே எடுக்க வேண்டியது அடித்தவனை. ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஃபில்டரும் மூடியும் போட்டு ஒரு வாரம் வையுங்கள். அந்த வாரத்தில் தொட்டியில் உள்ள கல், கட்டை, குகை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். எல்லைக்கு அடையாளமே அவைதான். அடிபட்டது தின்ன ஆரம்பித்து நிறம் தெளிந்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டு அடித்தவனைக் கடைசியாக விடுங்கள். அப்புறமும் துரத்தினால் அந்த ஜோடி சேராது. மூன்றாவது முறை முயல வேண்டாம்.

எண்ணிக்கையையும் பாருங்கள். இரண்டு இருந்தால் ஒன்று ராஜா, ஒன்று அடிமை. மூன்று இருந்தால் இரண்டு ஜோடி சேர்ந்து மூன்றாவதை முடிக்கும். பெரிய சிக்லிட் ஒன்று வையுங்கள், அல்லது இடமிருந்தால் ஐந்தாறு வையுங்கள். அடி பல பேருக்குப் பிரிந்து போகும். ஆறு ஆஸ்கருக்கு 450 லிட்டர் போதாது, ஆயிரம் லிட்டர் பக்கம் வேண்டும். அதனால் பெரும்பாலான வீடுகளுக்கு விடை "ஒன்று" தான். ஒரு ஆஸ்கரோடு, அதன் வாய்க்குள் போகாத அளவுக்கு வளர்ந்த ஐந்தாறு சில்வர் டாலர். தொட்டி 6 அடியாக இருந்தால் டின்ஃபாயில் பார்ப். இவை நடுத்தண்ணீரில் கூட்டமாகப் பயமில்லாமல் நீந்துவதைப் பார்த்தாலே ஆஸ்கரின் பதற்றம் குறையும், அதற்கு இடம் விட்டுக்கொடுக்கும் வேகமும் இவற்றுக்கு உண்டு. வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். சிவப்பு வயிறோடு சில்வர் டாலர் என்று காட்டப்படும் குஞ்சு பாகுவாக இருக்கலாம். மீன் கடைகளில் ரூப்சந்த் என்று கிலோ கணக்கில் விற்கும் அதே மீன். இரண்டடிக்கு மேல் போகும்.

மாதக்கணக்கில் அமைதி, திடீரென்று ஒரு நாள் போர்

என்னிடம் வரும் புகார்களில் இதுதான் அதிகம். "இவ்வளவு நாள் ஒண்ணாதானே இருந்துச்சு, இப்ப என்ன ஆச்சு?" மீன் வயசுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆஸ்கர் ஏறக்குறைய ஒரு வருடத்தில் முட்டையிடும் பருவத்துக்கு வரும். அதுவரை நீங்கள் பார்த்தது குழந்தைகளின் சிநேகம்.

உதட்டில் காயம் இருக்கிறதா? இரண்டு மீன் வாயோடு வாய் கடித்து இழுத்தால் பலம் பார்க்கிறார்கள். அது சண்டையாகவும் இருக்கலாம், ஜோடி சேரும் முறையாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க வழி உண்டு. இரண்டும் சம பலத்தில் மாறி மாறி இழுத்து, விட்டு, பக்கத்தில் பக்கத்தில் நின்று வாலை அடித்து, பிறகு ஒரே கல்லைச் சேர்ந்து சுத்தம் செய்தால் கல்யாணம் கூடி வருகிறது. ஒன்று மட்டும் விலகி ஓட, மற்றது விடாமல் துரத்தினால் பிரித்துவிடுங்கள்.

கல்லில் முட்டை ஒட்டியிருந்தால் அந்த ஜோடி தொட்டியின் பாதியைத் தன்னுடையது என்று சொல்லும். 4 அடித் தொட்டியில் மிச்ச மீனுக்கு நிற்க இடமே இருக்காது. பேரட் விஷயத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். அது தைவானில் உருவான கலப்பின மீன், வாய் முழுதாக மூடாது, ஆண்கள் பெரும்பாலும் மலடு. ஆனாலும் ஜோடி சேரும், பொரியாத முட்டைக்கும் உயிரைக் கொடுத்துக் காவல் காக்கும். சரியாகக் கடிக்க முடியாத மீன் என்பதால், எதிரில் ஆஸ்கரோ ஜாகுவாரோ இருந்தால் அடிபடுவது இதுதான்.

குஞ்சு வேண்டாம் என்றால் முட்டை ஒட்டிய கல்லை எடுத்துவிடுங்கள், வெப்பத்தை 26 டிகிரிக்கு இறக்குங்கள், தட்டையான கற்களை அகற்றுங்கள். மார்ச், ஏப்ரலில் தண்ணீர் தானாகச் சூடாகும்போது இந்தச் சண்டை கூடும். அப்போது ஹீட்டர் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். டிசம்பரில் போட்டதை அணைக்க மறந்த வீடுகள் நிறைய. குஞ்சு வேண்டும் என்றால் ஜோடிக்குத் தனித் தொட்டி. அதே தொட்டியில் இரண்டும் நடக்கும் என்று எனக்குத் தெரிந்த யாராலும் சொல்ல முடிந்ததில்லை.

ஃப்ளவர்ஹார்ன் யாரையும் விடமாட்டேன் என்கிறது

அது இயல்பு. 1990களில் மலேசியாவில், மத்திய அமெரிக்காவின் முரட்டு சிக்லிட்களைக் கலந்து உருவாக்கிய மீன் அது. சென்னை கொளத்தூரிலிருந்து வந்து இங்கே விற்கும் குட்டியாக இருந்தாலும், இறக்குமதி என்று பல ஆயிரம் சொல்லி விற்பதாக இருந்தாலும் குணம் ஒன்றுதான். அதற்குக் கூட்டாளி தேடாதீர்கள். தனியாக, 4 அடித் தொட்டியில், உங்கள் கைக்கு வந்து தீனி வாங்கிக்கொண்டு நிறைவாக இருக்கும். தன் நிழலையே கண்ணாடியில் முட்டினால் மூன்று பக்கமும் கருப்புக் காகிதம் ஒட்டுங்கள். பெண் மீன் விட வேண்டுமானால் நடுவில் தடுப்போடு மட்டும்.

அரோவானா துள்ளுகிறது, மீசை உடைந்திருக்கிறது, செதில் குறைகிறது

அரோவானா மேல்தண்ணீர் மீன். கீழே யார் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. மேலே வந்து தொல்லை தருபவர்தான் பிரச்சினை. மீசையையும் துடுப்பையும் கடித்திருந்தால் கிரீன் டெரர், ஜாகுவார், ரெட் டெவில் போன்ற முரட்டு சிக்லிட்களை வெளியே எடுங்கள். ராத்திரியில் விளக்கைச் சட்டென்று போட்டாலும் துள்ளும். அறை விளக்கை முதலில் போட்டு, கொஞ்சம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள். மூடியின் மேல் கனம் வையுங்கள்.

அதோடு சேர்வது அடித்தண்ணீரில் அமைதியாக இருக்கும் பாலிப்டெரஸ், வளர்ந்த சில்வர் டாலர், பெரிய பேரட். இன்னொரு அரோவானா வேண்டாம். சில்வர் அரோவானா 90 சென்டிமீட்டர் வரை வரும். அப்போது அது திரும்புவதற்குத் தொட்டியின் அகலம்தான் முக்கியம், இரண்டரை அடிக்குக் குறைந்தால் சிரமம். சிவப்பு, தங்க நிற ஆசிய அரோவானாவை யாராவது விற்கிறேன் என்றால் காகிதங்களைக் கேளுங்கள். அது சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியலில் உள்ள இனம். வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்கும் 2024 விதிகளுக்கும் பிறகு வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

வாய் திறந்தபடியே இருக்கிறது, மூட முடியவில்லை

சின்னக் கெளுத்தியையோ சக்கர் குஞ்சையோ விழுங்கப் போய் முள் சிக்கியிருக்கும். பயத்தில் அவை முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் இரண்டும் சாகும். ஈரத் துணியில் மீனைப் பிடித்து, முள்ளை நகவெட்டியால் வெட்டிய பிறகு மெதுவாக எடுக்க வேண்டும். பழக்கமில்லாவிட்டால் மீன் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். இனி அந்தத் தொட்டியில் சின்ன முள் மீன் எதுவும் வேண்டாம்.

ஆஸ்கர் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது

நேற்று கல் மாற்றினீர்களா, நிறையத் தண்ணீர் மாற்றினீர்களா? கோபித்துக்கொண்டிருக்கிறது. செவுள் சீராக அடித்தால், உடம்பில் காயம் இல்லாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு ஒரு நாள் சும்மா விடுங்கள்.

ராத்திரியில் தொட்டிக்குள் தடதடவென்று இடிக்கிற சத்தம், மூக்கில் காயம்

ஷார்க் என்று வாங்கிய மீன் இருக்கிறதா? சூப்பர் மார்க்கெட்டில் பாசா என்ற பெயரில் துண்டு போட்டு விற்கிறார்களே, பெரும்பாலும் அந்த இனம்தான். கூட்டமாக ஆற்றில் ஓடும் மீன், ஒரு மீட்டரைத் தாண்டும். பயந்தால் கண்ணாடி என்று பார்க்காமல் ஓடும். யாரும் அதைக் கடிக்கவில்லை. அந்த வீடு அதற்குப் பத்தவில்லை.

புது மீனை விட்ட உடனே பாய்கிறது

சிவாஜிநகரில் வாங்கி வந்த அன்றே விடாதீர்கள். மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்து வெள்ளைப்புள்ளி நோய், பூஞ்சை இல்லையென்று உறுதி செய்யுங்கள். பிறகு பெரிய தொட்டியில் ஓட்டை போட்ட அக்ரிலிக் தடுப்பு வைத்து, ஒரு வாரம் பத்து நாள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கட்டும். தடுப்பை எடுக்கும் நாளில் கற்களை மாற்றுங்கள், பழைய மீனுக்கு வயிறு நிறையப் போடுங்கள், விளக்கை அணையுங்கள். மறுநாளிலிருந்து தீனியைத் தொட்டியின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். புது மீன் பழையதற்குச் சமமாகவோ சற்றுப் பெரியதாகவோ இருக்க வேண்டும். நிறமும் உருவமும் அதே மாதிரி இருந்தால் அடி கூடும். உயிர் மீனைத் தீனியாகப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், வெள்ளைப்புள்ளி பல வீடுகளுக்கு அந்த வழியாகத்தான் வருகிறது. இறால், மண்புழு, பெல்லட் போதும்.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களைத் தென்னமெரிக்க மீன்களோடு கலக்காதீர்கள். அவற்றுக்குக் கடினத் தண்ணீர், பெரும்பாலும் தாவர உணவு. ஆஸ்கரின் இறால் அவற்றின் குடலுக்கு ஆகாது.

எல்லாம் செய்தும் சண்டை நிற்கவில்லை, ஒரு மீன் போயே ஆக வேண்டும்

அல்சூர் ஏரியில் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஏரி நிரம்பினால் பெல்லந்தூருக்குப் போகும், அங்கிருந்து வர்த்தூர், தென்பெண்ணை, ஓசூர் கெலவரப்பள்ளி அணை. நீங்கள் விட்ட மீனின் குஞ்சுகள் தமிழ்நாட்டு மீனவர் வலையில் வந்து நிற்கும். சக்கர் மீன் ஏற்கெனவே நம் நீர்நிலைகளில் அப்படித்தான் பரவி வலையைக் கிழிக்கிறது. 2023இல் காஷ்மீர் தால் ஏரியில் அலிகேட்டர் கார் என்ற வெளிநாட்டு வேட்டை மீன் கிடைத்ததும் யாரோ வளர்த்து விட்டதால்தான் இருக்க வேண்டும்.

வாங்கிய கடையிலேயே முதலில் கேளுங்கள். வளர்ந்த ஆஸ்கரை வேறு மீனுக்கு மாற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. இல்லையென்றால் பெரிய தொட்டி உள்ள வளர்ப்பாளருக்கு இலவசமாகக் கொடுங்கள். கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள். ஒரு பைக்கு ஒரு மீன், கனமான பையை இரட்டையாகப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று. துடுப்பில் முள் உள்ள மீன் என்றால் பைக்குப் பதில் மூடியுள்ள வாளி. அது எதைத் தின்னும், யாரை அடித்தது, உங்கள் வீட்டுத் தண்ணீர் காவிரியா போரா என்று ஒரு தாளில் எழுதி வாளியோடு கொடுத்துவிடுங்கள்.